ஐம்பத்தோராவது இழுப்பறை

மூன்றாம் கட்டிலின் மானிட்டர் அலற ஆரம்பித்தபோது காலை மணி 7:48.

கட்டிலில் இருந்தவர் ஓய்வு பெற்ற பஸ் டிரைவர். ஐந்து நிமிடம் முன்புவரை பக்கத்துக் கட்டில்காரருக்கு பிரேக் பிடிப்பது எப்படி என்று வகுப்பெடுத்துக்கொண்டிருந்த மனிதர், முகம் வெளுத்து, கண் சொருகி, ஒரு பக்கமாகச் சரிந்து கிடந்தார். ரத்த அழுத்தம் பாதாளத்தில். டியூட்டி டாக்டர் ஓடி வந்தார். ஊசி ஏறியது. கால்மாடு உயர்ந்தது. 8:02க்கு டிரைவர் கண்ணைத் திறந்து, "ஸ்டாப்பிங் வந்துடுச்சா?" என்று கேட்டார்.

அவர் பிழைத்துக்கொண்டார். அதே வார்டில் இன்னொரு ஆளைத் தீர்த்துக்கட்டும் வேலை அப்போதுதான் தொடங்கியது.

8:30. ஒரு பன்னிரண்டு மாடிக் கட்டடத்தின் உச்சியில், லிஃப்ட் மோட்டார் அறையில் மடிக்கணினியோடு உட்கார்ந்திருந்த பெண்ணுக்கு போன் வந்தது. லிஃப்டுகளுக்கு புரோகிராம் எழுதுவது அவள் தொழில். எந்த மாடியில் நிற்க வேண்டும், எப்போது கதவு திறக்கலாம், எப்போது திறக்கவே கூடாது என்பதையெல்லாம் எழுதுகிறவள். வீட்டில் அவளுக்குப் பெயர் குடைச்சல். ஒரு கேள்விக்குப் பதில் கிடைத்தால் அதற்குள்ளிருந்து இன்னொரு கேள்வியைத் தோண்டி எடுப்பாள் என்பதால் அண்ணி வைத்த பெயர். பேசியது அந்த அண்ணிதான். பதினேழு வருடமாக நர்ஸ்.

"குடைச்சல், கொஞ்சம் இங்க வர்றியா? உன் அண்ணன் ஊர்ல இல்ல."

"என்ன ஆச்சு அண்ணி?"

"ஒரு நோயாளிக்கு மருந்து மாறிப் போச்சு. என் கவனக்குறைவுதான் காரணம்னு ஒரு கடுதாசி அடிச்சு வச்சிருக்காங்க. பதினோரு மணிக்குள்ள நான் கையெழுத்து போடணுமாம்."

"விசாரிச்சாங்களா?"

"விசாரணை பத்து மணிக்கு."

"விசாரணை பத்துக்கு, கடுதாசி எட்டரைக்கே ரெடியா?" குடைச்சல் மடிக்கணினியை மூடினாள். "பேனாவைக்கூடத் தொடாதீங்க. வர்றேன்."

இந்த இரண்டு பேரும் சண்டை போடாத விஷயம் கிடையாது. துவைத்த துணியை எப்படி மடிப்பது என்பதில்கூட இரண்டு கட்சி. ஆனால் அண்ணியிடம் சண்டை போடும் உரிமையைக் குடைச்சல் வேறு யாருக்கும் விட்டுக்கொடுத்தது கிடையாது.

8:55. ஆஸ்பத்திரி வாசலில் காவலாளி பதிவேட்டை நீட்டினார். கையெழுத்திடும் முன் மேலே இருந்த வரிகளைப் படிப்பது குடைச்சலின் கெட்ட பழக்கம். 'மருந்துப் பெட்டி கம்பெனி. உள்ளே 6:00. வெளியே 6:30.' நாலு வரி கீழே மறுபடியும், 'மருந்துப் பெட்டி கம்பெனி. உள்ளே 8:25.' வெளியே போன நேரம் எழுதப்படவில்லை.

அண்ணி வார்டு வாசலில் நின்றிருந்தாள். நாலடி பத்தங்குல உயரம், அழுது முடித்து முகம் கழுவிய கண்கள்.

"அதுதான் அந்தப் பொட்டி," என்று காட்டினாள்.

சுவரை அடைத்துக்கொண்டு ஒரு இரும்பு அலமாரி. வரிசைக்குப் பன்னிரண்டாக ஐந்து வரிசை, மொத்தம் அறுபது இழுப்பறைகள். எல்லாம் பூட்டியவை. நோயாளி சேரும்போது அவருடைய கார்டு எண்ணையும் இழுப்பறை எண்ணையும் பெட்டியின் பொத்தான்களில் தட்டிப் பதிவு செய்வார்கள். பிறகு நர்ஸ் அந்த நோயாளியின் கார்டைத் தேய்த்தால் அவருடைய இழுப்பறை மட்டும் திறக்கும். உள்ளே சின்ன வெள்ளைக் கப்பில் மாத்திரைகள்.

"கப்பு மேல பேர் எழுத மாட்டாங்களா?"

"எழுதிட்டிருந்தோம். பொட்டி வந்ததும் நிறுத்திட்டாங்க. மெஷினுக்கே தெரியும், லேபிள் எதுக்குன்னு சொல்லிட்டார் நிர்வாகி. லேபிள் வேணும்னு மூணு தடவை எழுதிக் கொடுத்தேன். மாத்திரை கலரையும் நம்ப முடியாது. வாரம் ஒரு கம்பெனி, வாரம் ஒரு கலர்."

"இப்ப நடந்ததைச் சொல்லுங்க. நிதானமா."

"சாப்பாட்டுக்கு முன்னாடி மாத்திரை இருக்கிறது மூணு பேருக்கு. மத்தவங்களுக்கு எட்டு மணிக்கு. ஏழு மணிக்கு மூணாவதா டிரைவர் கார்டைத் தேய்ச்சேன். 2635. ஒரு டிராயர் திறந்துச்சு. குனிஞ்சு கப்பை எடுத்துக் கொடுத்தேன். அவ்ளோதான். அவர் மயங்கினதும், சந்தேகமா இருக்கு, எட்டு மணி மாத்திரையை யாருக்கும் தரமாட்டேன்னு நான்தான் நிறுத்தினேன். மாஸ்டர் சாவி போட்டுத் திறந்து பார்த்தா, டிரைவரோட கப்பு நாலாம் நம்பர் டிராயர்ல அப்படியே இருக்கு. காலியா இருந்தது அம்பத்தொண்ணு."

"அது யாரோடது?"

"ஒரு தையல்காரர். காலையில 6:40க்கு எமர்ஜென்சியில சேர்ந்தவர். கார்டு 4714. அவருக்கு ரத்த அழுத்தம் எக்கச்சக்கம், அதை மளமளன்னு இறக்கற மருந்து. டிரைவருக்கோ ஏற்கெனவே இறங்கித்தான் கெடக்கு."

குடைச்சல் அலமாரியை ஏற இறங்கப் பார்த்தாள். நாலாம் இழுப்பறை உச்சி வரிசையில். ஐம்பத்தொன்று அடிவரிசையில்.

"குனிஞ்சு எடுத்தீங்களா?"

"ஆமா. மேல் வரிசைன்னா நான் முக்காலி போட்டு ஏறணும். முழங்கால் வேற வலி, குனிஞ்சது நல்லா ஞாபகம் இருக்கு. எது திறக்குதோ அதுல எடுக்கறதுதானே எங்க வேலை. இருபத்திரண்டு பேருக்கும் எது எதுன்னு ஞாபகம் வச்சுக்க முடியுமா?"

அப்போது அலமாரி 'கீ… கீ…' என்று கத்தத் தொடங்கியது. டியூட்டி டாக்டர் ஒரு இழுப்பறையைச் சரியாகத் தள்ளாமல் விட்டிருந்தார். வார்டைத் துடைத்துக்கொண்டிருந்த அம்மாள், துடைப்பத்தின் பின்பக்கத்தால் அதை ஒரு குத்து குத்தி மூடினாள்.

"ஒரு விரக்கடை திறந்திருந்தாலும் விடாது. பெத்த பிள்ளை மாதிரி கத்தும்," என்றாள்.

"காலையில இப்படிக் கத்துச்சா அம்மா?"

"இல்லியே. ஆனா ஒம்பதுக்கு இருபது நிமிஷம் இருக்கும்போது வேற சத்தம். அறுபது பூட்டும் ஒரே நேரத்துல தடதடன்னு அடிச்சுக்கிச்சு. கரண்டு போய் வந்தா அப்படித்தான் பண்ணும்."

"கரண்டு போச்சா?"

அம்மாள் துடைப்பத்தை நிறுத்தி யோசித்தாள். "அட, ஃபேன் நிக்கலையே."

"பொட்டிக் கம்பெனிக்காரர் அப்ப எங்க இருந்தார்?"

"பக்கத்துலதான் நின்னார். காலங்காத்தால ஆறு மணிக்கும் வந்தாரே. இங்க கொஞ்ச நேரம் நோண்டினார், மாடியில இருக்கற பொட்டியையும் நோண்டினார். அங்க பெயின்ட் அடிக்கிறாங்க, ஒரு நோயாளி கெடையாது. ஆளில்லாத இடத்துல பொட்டிக்கு என்ன வைத்தியமோ."

குடைச்சல் வார்டின் சுவர்ப் பலகை முன்னால் போய் நின்றாள். இருபத்திரண்டு கட்டில், இருபத்திரண்டு கார்டு எண்கள். உதடு முணுமுணுக்க ஏதோ கூட்டினாள். திரும்பி வந்தபோது அவள் முகத்தில் ரத்தம் ஏறியிருந்தது. அண்ணி அந்த முகத்தைப் பதினொரு வருடமாக அறிவாள். ரிமோட்டை ஒளித்து வைத்தது யார் என்று தெரிந்துவிட்ட முகம்.

10:00. விசாரணை அறை. மேசையின் தலைமாட்டில் பெரிய டாக்டர். நரைத்த தலை, குறைவாகப் பேசும் பெண்மணி. வலப்பக்கம் நிர்வாகி. சட்டையின் இஸ்திரி மடிப்பில் காய் நறுக்கலாம். அவருக்குப் பக்கத்தில் பெட்டிக் கம்பெனியின் இன்ஜினியர், தொண்டையைக் கனைத்துக்கொண்டே இருந்தார். மேசை நடுவில் அந்தக் கடிதம்.

"இவங்க யாரு?" என்றார் நிர்வாகி.

"நாத்தனார்," என்றாள் அண்ணி.

"விசாரணைக்கு நாத்தனாரெல்லாம் எதுக்கு? பதினோரு மணிக்கு மருத்துவக் கவுன்சில்லேர்ந்து பார்வையிட வர்றாங்க. சீக்கிரம் முடிக்கணும். டாக்டர், விஷயம் சிம்பிள். ஒன்பதரைக்கு நானே எல்லார் முன்னாடியும் டிரைவர் கார்டை மூணு தடவை தேய்ச்சுக் காட்டினேன். மூணு தடவையும் நாலாம் டிராயர்தான் திறந்துச்சு. மெஷின்ல ஒரு குறையும் இல்ல. தையல்காரரோட டிராயரைக் காலையில சரியா மூடாம விட்டிருக்காங்க. இந்தம்மா அவசரத்துல அதை இழுத்துட்டாங்க. மனுஷத் தவறு. ஒத்துக்கிட்டு கையெழுத்து போட்டா, கேஸ் கீஸ் இல்லாம வேலையை மட்டும் விட்டுட்டுப் போகலாம்."

"கையெழுத்து போட்டா என் நர்ஸ் பதிவே போயிடும் சார். அப்புறம் நான் எங்கயும் ஊசி பிடிக்க முடியாது." அண்ணியின் குரல் உடையவில்லை. விரல்கள்தான் முந்தானை நுனியை முறுக்கிக்கொண்டிருந்தன.

குடைச்சல் பெரிய டாக்டரைப் பார்த்தாள். "அஞ்சு கேள்வி டாக்டர். அதுக்கு மேல ஒண்ணும் கேட்க மாட்டேன்."

அது பொய் என்பது அண்ணிக்குத் தெரியும். பெரிய டாக்டர் தலையசைத்தார்.

"நிர்வாகி சார், சரியா மூடாத டிராயர் கத்துமா, கத்தாதா?"

"கத்தும்."

"6:40லேர்ந்து ஏழு வரைக்கும் வார்டுல யாராவது கத்தலைக் கேட்டாங்களா?"

நிர்வாகி கைக்கடிகாரத்தைப் பார்த்தார்.

"சம்பவத்துக்கு அப்புறம் பெட்டியில யாராவது கை வச்சாங்களா?"

"யாரும் வைக்கல. இவரே விசாரணைக்குன்னு ஒன்பதரைக்குத்தான் வந்தார்."

குடைச்சல் அதை ஒரு தாளில் குறித்துக்கொண்டாள். இன்ஜினியர் பக்கம் திரும்பினாள். அவள் குரல் திடீரென்று சிநேகமாகிவிட்டது.  குடைச்சல் இனிமையாகப் பேசினால் எதிரே இருப்பவருக்கு நேரம் சரியில்லை என்று அர்த்தம்.

"சார், நானும் உங்க ஜாதிதான், புரோகிராம் எழுதறவ. பெட்டிக்கு எந்த மொழியில எழுதியிருக்கீங்க?"

"சி-யில," என்றார் இன்ஜினியர், கொஞ்சம் நிமிர்ந்து.

"கார்டு எண்ணைக் கொடுத்தா டிராயரைக் கண்டுபிடிக்கிறது எப்படி? பட்டியல் பூரா தேடுமா?"

"சே, அப்படித் தேடினா லேட்டாகும். ஹாஷ் டேபிள். கார்டோட நாலு இலக்கத்தையும் கூட்டுவோம். அந்தக் கூட்டுத்தொகை எந்த இடமோ, நேரா அங்க போயிடும்."

"ரெண்டு கார்டுக்கு ஒரே கூட்டுத்தொகை வந்தா?"

"பாயிண்டர் போட்டு சங்கிலியா கோத்திருக்கோம். புதுசா வர்றது முன்னாடி நிக்கும்."

"அந்தச் சங்கிலியில சரியான ஆள் யாருன்னு எப்படிக் கண்டுபிடிக்கும்?"

இன்ஜினியர் தொண்டையைக் கனைத்தார். "அது… அது பார்த்துக்கும்."

"இன்னைக்குப் பார்த்துக்கும். காலையில ஏழு மணிக்கு?"

"டாக்டர், இந்த டெக்னிக்கல் கதையெல்லாம் யாருக்குப் புரியும்?" என்றார் நிர்வாகி.

"எனக்குப் புரியற மாதிரி அவங்க சொல்வாங்க," என்றார் பெரிய டாக்டர்.

குடைச்சல் எழுந்தாள். "மாடியில இருக்கிற பெட்டிக்குப் போவோம். அங்க வச்சுச் சொல்றேன்."

இன்ஜினியரின் கனைப்பு நின்றுவிட்டது.

10:35. மாடி வார்டு. பெயின்ட் நெடி. கட்டில்கள் எல்லாம் ஒரு மூலையில். பிளாஸ்டிக் விரிப்புக்கு அடியில் கீழே இருந்ததன் இரட்டைப்பிறவி. பச்சை விளக்கு மினுக்கியது. குடைச்சல் விரிப்பை உருவிப் போட்டாள்.

"டாக்டர், சுவத்துல வரிசையா முப்பத்தேழு கொக்கி இருக்குன்னு வச்சுக்கோங்க. பூஜ்யத்துலேர்ந்து முப்பத்தாறு வரைக்கும் நம்பர். ஒவ்வொரு நோயாளிக்கும் ஒரு சீட்டு. சீட்டுல கார்டு எண்ணும் டிராயர் எண்ணும் இருக்கும். டிரைவர் கார்டு 2635. கூட்டினா பதினாறு. பதினாறாம் கொக்கியில அவர் சீட்டு. இதுக்குப் பேர்தான் ஹாஷ் டேபிள். நல்ல ஏற்பாடு, நானே தினம் எழுதறேன். இப்ப தையல்காரர் வர்றார். 4714. கூட்டுங்க."

பெரிய டாக்டரின் உதடு அசைந்தது. "பதினாறு."

"அதே கொக்கி. அவர் சீட்டு டிரைவர் சீட்டுக்கு மேல தொங்கும். இதுல தப்பே இல்ல, எல்லா ஹாஷ் டேபிள்லயும் நடக்கறதுதான். ஆனா டிரைவருக்காகக் கொக்கிக்குப் போகும்போது, மேல இருக்கிற சீட்டுல எந்தக் கார்டு எண் எழுதியிருக்குன்னு படிக்கணும். 2635 இல்லைன்னா அடுத்த சீட்டுக்குப் போகணும். சி-யில அது ஒரே ஒரு வரி. அந்த வரியை எடுத்துட்டா, மேல இருக்கிற சீட்டு யாரோடதோ அந்த டிராயரைத் திறந்துடும். சி மொழி ஏன்டா எடுத்தேன்னு கேட்காது. சொன்னதைச் செய்யும்."

"யாராவது அந்த வரியை ஏன் எடுக்கணும்?" என்றார் பெரிய டாக்டர்.

"டிராயர் திறக்க லேட்டாகுதுன்னு யாராவது புகார் சொன்னாங்களா?"

பெரிய டாக்டர் மெதுவாக நிர்வாகியைப் பார்த்தார். "ரெண்டு செகண்ட் ஆகுது, கவுன்சில் ஆட்கள் முன்னாடி அசிங்கம்னு போன மீட்டிங்ல சொன்னீங்க."

"அந்த வரி ஓடறதுக்கு ஆகிற நேரத்துல ஈ இறக்கையைக்கூட அசைக்க முடியாது," என்றாள் குடைச்சல். இப்போது குரலில் இனிப்பு இல்லை. "லேட்டாகறது பூட்டோட ஸ்பிரிங். நான் லிஃப்ட் கதவோட தினம் மாரடிக்கிறவ, எனக்குத் தெரியும். வேகம் காட்டறதுக்காக இவர் காலையில ஆறு மணிக்கு வந்து ரெண்டு பெட்டியிலயும் அந்த வரியைத் தூக்கினார். டெஸ்ட் பண்ணவும் செஞ்சார். சார், உங்க டெஸ்ட் கார்டு என்னென்ன?"

இன்ஜினியர் தரையைப் பார்த்துச் சொன்னார். "1001லேர்ந்து 1009 வரைக்கும்."

"ஒன்பது கார்டு, ஒன்பது கூட்டுத்தொகை. ஒண்ணுகூட இன்னொண்ணோட மோதாது. எல்லாம் சரியா திறந்துச்சு, கிளம்பிட்டார். 6:40க்குத் தையல்காரர் வந்தார். ஏழு மணிக்கு அண்ணி குனிஞ்சாங்க."

அவள் மூச்சு வாங்கினாள்.

"இதுவரைக்கும் முட்டாள்தனம். முட்டாள்தனத்தை மன்னிக்கலாம், நானும் பண்ணியிருக்கேன். இனிமே சொல்லப்போறது வேற. 8:25க்கு இவர் மறுபடி வந்தார். வாசல் பதிவேட்டுல இருக்கு. 8:40க்கு அறுபது பூட்டும் ஒரே நேரத்துல அடிச்சுக்கிச்சு, வார்டு துடைக்கிற அம்மா கேட்டிருக்காங்க. ஃபேன் நிக்கல, அதனால கரண்டு போகல. எடுத்த வரியைத் திருப்பி வச்சு, பெட்டியை அணைச்சுப் போட்டிருக்கார். ஒன்பதரைக்கு மூணு தடவை தேய்ச்சுக் காட்டினா சரியா திறக்காம என்ன செய்யும்? கீழ் வார்டுப் பலகையை நான் கூட்டிப் பார்த்தேன் டாக்டர். டிரைவரைத் தவிர இன்னும் ஏழு பேரோட சீட்டு அடுத்தவர் சீட்டுக்குக் கீழே போயிருக்கும். எட்டு மணி மாத்திரையை அண்ணி நிறுத்தலைன்னா, ஏழு பேருக்கும் மருந்து மாறியிருக்கும். நிறுத்தினவங்களுக்குத்தான் கடுதாசி. கவனக்குறைவாம்."



"கற்பனை," என்றார் நிர்வாகி. மடிப்பு கலையாத குரல். "ஆதாரம் என்ன? பதிவேட்டுல நேரத்தைத் தப்பா எழுதியிருப்பாங்க. பூட்டு சத்தத்தைச் சொல்றது கூட்டற அம்மா. இந்தப் பெட்டி நல்லாத்தான் வேலை செய்யுது."

"சரி, செய்யட்டும். அண்ணி, புது நோயாளி ஒருத்தரைப் பதிவு பண்ணுங்க. கார்டு எண் 1010. டிராயர் நாற்பது."

அண்ணியின் விரல்கள் பொத்தான்களைத் தட்டின. பதினேழு வருட விரல்கள்.

"1001, கூட்டினா ரெண்டு. 1010, கூட்டினா ரெண்டு. சார், உங்க 1001 கார்டைக் கொடுங்க. அதோட டிராயர் எது?"

"ஒண்ணு," என்றார் இன்ஜினியர். சொல்லிக்கொண்டே கார்டைச் சட்டைப் பையிலிருந்து எடுத்துக் கொடுத்தார். கொடுத்துவிட்டு இரண்டடி பின்னால் போனார்.

குடைச்சல் கார்டை வாங்கி அண்ணியிடம் நீட்டினாள். "நீங்களே தேயுங்க."

அண்ணி தேய்த்தாள்.

ஒன்றாம் இழுப்பறை அசையவில்லை. 'டக்' என்று திறந்துகொண்டது நாற்பது. மூடுவாரில்லாமல் அது 'கீ… கீ…' என்று கத்த ஆரம்பித்தது.

பெரிய டாக்டர் கையோடு எடுத்து வந்திருந்த கடிதத்தை இரண்டாகக் கிழித்தார். இரண்டை நாலாக்கினார். துண்டுகளைக் கோட்டுப் பையில் போட்டுக்கொண்டு, "எடுத்த வரியைத் திருப்பி வைக்கச் சொன்னது யாரு?" என்று இன்ஜினியரைக் கேட்டார்.

 இன்ஜினியர் பதில் சொல்ல அவசியமே இருக்கவில்லை. கத்திக்கொண்டிருந்த இழுப்பறையை நிர்வாகி பார்த்தார், இன்ஜினியரைப் பார்த்தார், சுற்றி யார் நிற்கிறார்கள் என்பதையே மறந்து பல்லைக் கடித்தார்.

"மாடியில இருக்கிறதையும் மாத்திடுன்னு அப்பவே படிச்சுப் படிச்சு சொன்னேனே."